மேல் வீட்டுக்குப் போன சூடு

தகப்பனார் விட்டுப்போன வீட்டை அண்ணனும் தம்பியும் குரலை உயர்த்தாமல் பிரித்துக்கொண்டார்கள் என்று அந்தத் தெருவில் வெகுநாள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கீழ்த்தளம் பெரியவருக்கு, மேல்தளம் சின்னவருக்கு. மாடிப்படியை இரண்டு வீட்டாரும் மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி பொது. வாசல் கேட் கிறீச்சிட்டால் எண்ணெய் போடுவது பெரியவர் பொறுப்பு. இப்படி எல்லாவற்றையும் வக்கீல் யோசித்து யோசித்துப் பத்திரத்தில் எழுதியிருந்தார். சூடான காற்று மேலே போகும் என்பதை மட்டும் எழுதவில்லை. அது பள்ளிக்கூடத்துப் பாடம். பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்.

பெரியவர் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசில் முத்திரை இருக்கிறதா, பெட்ரோல் பங்க்கில் ஒரு லிட்டர் ஒரு லிட்டராகத்தான் விழுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கிராம்’. கிராம் வருகிறார் என்று தகவல் பரவினால் கடைத்தெருவில் எடைக்கல்கூட ஒழுங்காக நடந்துகொள்ளும். அவரிடம் லஞ்சப் பேச்சே கிடையாது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் கோப்பை எத்தனை மில்லி என்று கேட்பார் என்பார்கள். அது மிகையில்லை, இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

சின்னவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் தன்னைக் கொல்லப் பார்ப்பதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தொழில். அதனால் வீட்டுக்கு வந்த பிறகு அவரை எதுவும் பெரிதாகப் பதற வைப்பதில்லை.

குளிர் பிடித்துவிட்ட ஒரு காலையில் பெரியவர் பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தார். தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். அதே நேரத்தில் தம்பியும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பனியனோடு.

“குளிரலையாடா?”

“வெளிய வந்தாதாண்ணே குளிருது. மேல கதகதன்னு இருக்கு.”

“ஹீட்டரை ஏகத்துக்குக் கூட்டி வெச்சிருக்கியா?”

“ஹீட்டரா? இந்த வருஷம் இன்னும் போடவே இல்லண்ணே. போன வருஷம் ரெண்டு நாள் போட்டோம்னு நெனைக்கிறேன். வேர்க்குதுன்னு அவதான் அணைச்சுட்டா.”

சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அவர் இதை ஒரு உள்நோக்கத்தோடு சொல்லியிருந்தால் பெரியவருக்கு அன்றைய தூக்கம் கெட்டிருக்காது. உள்நோக்கமே இல்லாமல் சொன்னதுதான் உறுத்தியது.

உள்ளே வந்து சுவரோரம் இருந்த ஹீட்டரைப் பார்த்தார். விடியற்காலையிலிருந்து அது முனகிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அறையில் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“அவன் ஹீட்டரே போடறதில்லையாம்.”

“நல்லதுதானே.”

“பனியனோட நிக்கிறான்.”

“அவர் என்னைக்கு ஒழுங்கா சட்டை போட்டாரு? கல்யாண போட்டோவுலயே மேல் பட்டன் தொறந்துதானே இருக்கு.”

மனைவிக்கு விஷயத்தின் தீவிரம் புரியவில்லை என்று பெரியவர் முடிவு செய்தார். இருபது வருஷமாக அவர் இந்த முடிவுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார்.

மின்சாரக் கம்பெனிக்காரர்கள் வீடுகளில் சூடு எங்கே வீணாகிறது என்று இலவசமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. இலவசம் என்றால் அதில் ஏதோ எடைக்குறைவு இருக்கும் என்பது பெரியவர் கொள்கை. ஆனாலும் போன் போட்டார். ஒரு பெண் வந்தாள். கையில் சின்னக் கேமரா மாதிரி ஒன்று. எதை நோக்கிப் பிடித்தாலும் குளிர்ந்த இடம் நீலமாகவும் சூடான இடம் சிவப்பாகவும் அதில் தெரியும்.

முதலில் பெரியவர் அந்தக் கேமராவுக்கு முத்திரை உண்டா என்று கேட்டார். அவள் உண்டு என்று பின்பக்கத்தைக் காட்டினாள். அதற்கப்புறம் அவள் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஜன்னல் விளிம்புகள் நீலம். கதவுக்கடி நீலம். வென்டிலேட்டர் கரு நீலம். கடைசியாகக் கேமராவை மேலே திருப்பினாள். கூரைத்தளம் முழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரிச் சிவந்து கிடந்தது.

“ஜன்னல்லயும் கசியுது சார். ஆனா முக்கியமா உங்க சூடு சீலிங் வழியாத்தான் போகுது.”

“எங்க போகுது?”

“மேல சார்.”

“மேலன்னா? ஆகாயத்துக்கா?”

“மேல ஒரு வீடு இருக்கில்ல. அங்க.”

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தேகப்பட்டது உண்மை என்று தெரியும்போது மனிதனுக்கு வருகிற அந்த நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

அவள் பரிகாரங்களைச் சொன்னாள். சீலிங்கில் கனமான நுரைப் பலகை ஒட்டலாம். ஜன்னல், கதவு இடுக்குகளில் நுரைப் பட்டை வைக்கலாம். “ஆனா சார், இதெல்லாம் செஞ்சீங்கன்னா காத்து வந்துபோக ஒரு மெஷின் கட்டாயம் வெக்கணும். வெளிய போற காத்தோட சூட்டைப் பிடிச்சு, உள்ள வர்ற புதுக் காத்துக்குக் குடுத்துடும். சூடும் வீணாகாது, மூச்சும் முட்டாது.”

“மூச்சு விடறதுக்கு மெஷினா? இத்தனை வருஷம் மெஷின் வெச்சா மூச்சு விட்டோம்?”

“இத்தனை வருஷம் ஓட்டை இருந்துச்சு சார்.”

அவள் போனபிறகு பெரியவர் அவள் சொன்னதை மனசுக்குள் இரண்டாகப் பிரித்தார். சூட்டைத் தடுப்பது தேவை. காற்றை வரவழைப்பது கம்பெனிக்காரன் தந்திரம்.

அன்று சாயங்காலமே மாடிப்படி ஏறினார். சின்னவரின் மனைவி வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவர். கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவரின் இரண்டு பெண்களும் வெறுங்காலோடு திரிந்தார்கள்.

“வாங்க மாமா. செருப்பை விட்டுட்டே வாங்க, தரை சுகமா இருக்கும். நாங்க பாயே விரிக்கிறதில்ல” என்றார் சின்னவரின் மனைவி, வரவேற்பாக.

பெரியவர் செருப்பை விட்டார். தரை சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம் உள்ளங்காலிலிருந்து நேராக அவர் வயிற்றெரிச்சலுக்குப் போய்ச் சேர்ந்தது.

“இது என் சூடு” என்றார் தம்பியிடம்.

சின்னவர் அண்ணனை ஏறிட்டுப் பார்த்தார். “எதுண்ணே?”

“இந்தத் தரை. இந்தக் கதகதப்பு. நான் ஹீட்டர் போடறேன், அது மேல வந்து உன்னைக் குளிர் காய வைக்குது. கேமராவுல பாத்தாச்சு.”

“அப்படியா. எனக்குத் தெரியாதுண்ணே. சரி, எடுத்துட்டுப் போங்க.”

“எப்படிடா எடுத்துட்டுப் போறது?”

“அதாண்ணே எனக்கும் புரியல.”

கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பென்சிலை நிறுத்திவிட்டார்கள். ஹீட்டர் செலவில் பாதியை ஏற்றுக்கொள் என்றார் பெரியவர். கேட்காமல் வருகிறதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்றார் சின்னவர்.

“கீழேருந்து எனக்குச் சூடு மட்டுமா வருது? உங்க குறட்டையும்தான் வருது. அதுக்கும் பாதி தரணுமாண்ணே?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சின்னவரின் மனைவி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு இல்லாமல் போயிருந்தால் பெரியவர் அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டார்.

“தெரியாம வாங்கினாலும் திருட்டுப் பொருள் திருட்டுப் பொருள்தான்.”

சின்னவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. புது ஆள் எதிர்ப்பக்கத்தில் வண்டியை ஓட்டியபோதுகூட அந்த முகம் அப்படி ஆனதில்லை.

“அண்ணே, அந்த வார்த்தை வேணாம்.”

“வேற எந்த வார்த்தைடா இருக்கு?”

“அப்ப நீங்க உங்க சூட்டை நிறுத்திக்குங்க. எனக்கு வேணாம்.”

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மாடிப்படியை மட்டும் மாற்றி மாற்றிப் பெருக்கினார்கள். பத்திரத்தில் இருந்ததே.

மறுநாள் பெரியவர் ஹீட்டரை அணைத்தார். தம்பிக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்பது திட்டம். திட்டத்தில் ஒரு சின்னச் சிக்கல், பாடம் முதலில் கீழ் வீட்டில்தான் ஆரம்பித்தது. மனைவி கையுறை போட்டுக்கொண்டு காய் நறுக்கினார். தட்டில் போட்ட சாதம் வாய்க்கு வருவதற்குள் ஆறிப்போனது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக நின்றது. பெரியவர் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு, மேலே தம்பி நடுங்கிக்கொண்டிருப்பான் என்று கற்பனை செய்து குளிர் காய்ந்தார்.

“இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று மனைவி கேட்டார்.

“அவன் எறங்கி வர்ற வரைக்கும்.”

“அவர் எதுக்கு எறங்கி வரணும்? கீழ இன்னும் குளிரு.”

மேலே சின்னவர் நடுங்கத்தான் செய்தார், சில நாள். பிறகு அதே கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கொள்கை என்று எதுவும் இல்லாததால் அவள் சொன்னதையெல்லாம் செய்தார். வெயில் காலத்தில் குளிர்ச்சியும் குளிர் காலத்தில் சூடும் தருகிற, கரண்ட்டைக் கொஞ்சமாகக் குடிக்கிற ஒரு மெஷின். மொட்டை மாடித் தரைக்கு வெள்ளைப் பூச்சு. கூடவே அந்தக் காற்று மெஷினும். கேள்வி கேட்காமல் வாங்குகிறவனைப் பெரியவர் தொழில் வாழ்க்கை முழுக்க இளப்பமாகத்தான் பார்த்திருக்கிறார். தம்பியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதில் அவருக்கு ஆச்சரியமில்லை.

இப்போது தம்பி தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். ஆகவே வழக்கு தீர்ந்தது என்று எவரும் நினைப்பார்கள். பெரியவர் அப்படி நினைக்கவில்லை. ஹீட்டரைத் திரும்பப் போட்டால் திரும்பவும் மேலே போகுமே. பலகை வேலைக்காரரைக் கூட்டிவந்தார்.

சீலிங் முழுக்கப் பலகை ஏறியது. மேல் கூரை ஒரு சாண் கீழே இறங்கி வந்தது. அலமாரி மேல் வைத்திருந்த பெட்டிகளை இறக்க வேண்டியிருந்தது. ஜன்னல் சட்டங்களில் நுரைப் பட்டை. கதவுக்கடியில் ரப்பர். வென்டிலேட்டர்களுக்கு உள்ளும் புறமும் அட்டை வைத்துப் பூச்சு. பூட்டு ஓட்டைக்கு ஒரு மூடி. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தையும் அடைக்கச் சொன்னார்.

“இதையுமா சார்?” என்றார் பலகைக்காரர்.

“அதுவும் ஓட்டைதானே.”

அடுப்பும் ஹீட்டரும் கரண்ட்டில் ஓடுகிறவை. இல்லாவிட்டால் இந்தக் கதையை இதோடு நிறுத்த வேண்டியிருக்கும்.

வேலை முடிந்த அன்று ஹீட்டரைக் குறைத்து வைத்தார். அரைமணியில் வீடு அடைகாக்கும் கோழிக்கடியில் இருப்பது போலாகிவிட்டது. ஸ்வெட்டர் போனது, மஃப்ளர் போனது, குல்லாய் போனது. மறுநாள் காலை பேப்பர் எடுக்கப் பெரியவர் பனியனோடு வாசலுக்குப் போனார். தம்பி இறங்கி வரும்வரை அங்கேயே நின்று பேப்பரைத் தலைப்புத் தலைப்பாகப் படித்தார். பற்கள் தந்தியடித்தன. சின்னவர் கோட்டும் தொப்பியுமாக இறங்கி வந்தார், வகுப்புக்குக் கிளம்புகிறவர்.

“சளி பிடிக்கும்ணே” என்றார். அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெற்றி என்று பெரியவர் எடுத்துக்கொண்டார்.

முதலில் வந்தது வாசனை. திங்கட்கிழமை வதக்கிய வெங்காயம் புதன்கிழமையும் வீட்டில் இருந்தது. வியாழக்கிழமை பொரித்த மீன் வந்து அதோடு குடித்தனம் நடத்தியது. பெரியவர் சட்டையில் மீன் வாசனையோடு ஆய்வுக்குப் போனார். அந்த வாரம் அவர் சோதித்த மீன் கடைக்காரர் அவரைச் சற்று உறவாகவே நடத்தினார்.

அடுத்து வந்தது தண்ணீர். குளித்த ஆவி, சமைத்த ஆவி, துணி உலர்த்திய ஆவி, இரண்டு பேர் விட்ட மூச்சு எல்லாம் போக வழியில்லாமல் ஜன்னல் கண்ணாடியில் வந்து படிந்து ஒழுகியது. மனைவி தினமும் துணியால் துடைத்துப் பிழிந்தார். அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. பெரியவரின் அலுவலக ஷூவுக்குள் பச்சையாகப் பூஞ்சை பூத்தது.

“ஷூ பழசு” என்றார் பெரியவர்.

“செவுரும் பழசா?”

“ஆமா. அப்பா காலத்துச் செவுரு.”

அப்புறம் தலைவலி. மனைவிக்குக் காலையில் எழும்போதே நெற்றியில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். பரிசோதனைக் கூடத்துக்குப் போனால் விட்டுவிடும். வீட்டுக்கு வந்தால் திரும்பவும் வந்து உட்காரும். தன் ரத்தத்தைத் தானே எடுத்துச் சோதித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. பெரியவருக்குத் தலைவலி இல்லை, தூக்கம் மட்டும். செய்தி ஆரம்பிக்கும் முன்பே நாற்காலியில் தலை தொங்கிவிடும். காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவர் மாதிரி இருப்பார். சுகமான வீட்டில் தூக்கம் வரத்தான் செய்யும் என்றார்.

மனைவி ஒருநாள் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு சின்னக் கருவியைக் கேட்டு வாங்கி வந்தார். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டுகிற மீட்டர். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் ஜன்னலைத் திற, சிவப்பு என்றால் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். கூடத்தில் வைத்தவுடன் சிவந்தது.

“மீட்டர் தப்பு” என்றார் பெரியவர்.

“கடைக்காரங்க இப்படிச் சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?”

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. முறைப்படி சோதிக்க உட்கார்ந்தார். வாசலுக்கு எடுத்துப் போனார், பச்சை. உள்ளே கொண்டுவந்தார், சிவப்பு. திரும்ப வாசல், பச்சை. திரும்ப உள்ளே. கட்டிலுக்கடியில் வைத்தார், சமையலறை மேடையில் வைத்தார், அதன் மேல் ஊதிப் பார்த்தார். ஊதியதற்கு அது இன்னும் கோபித்துக்கொண்டது. ஒரு நல்ல கருவி செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அந்த மீட்டர் செய்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாமல் பெரியவர் அதை மேஜையில் வைத்தார்.

“எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு சட்டத்துல ஏதாவது சொல்லியிருக்கா?”

“சட்டம் மூச்சு விடறதில்லைங்க. நாமதான் விடறோம்.”

சொல்லிவிட்டு மனைவி படுக்கையறைக்குப் போய்த் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“எங்க?”

“மேல.”

“மேல எதுக்கு?”

“உங்க சூடு எதுக்குப் போச்சோ அதுக்குத்தான். இருக்க முடியலைன்னு.”

கதவு அவருக்குப் பின்னால் ரப்பரோடு மெத்தென்று மூடிக்கொண்டது. சின்ன இடைவெளிகூட இல்லாமல். நல்ல வேலைப்பாடு.

இரண்டு நாள் பெரியவர் வீம்பாக இருந்தார். மனைவி காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார், சாயங்காலம் வந்து துணி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். மேலே டி.வி. ஓடியிருக்கும், சிரித்திருப்பார்கள். பலகைகள் நன்றாக வேலை செய்ததால் ஒன்றும் கேட்கவில்லை. மேஜையில் மீட்டர் சிவப்பாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்தபோது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டார். கை பட்ட இடம் ஈரமாக, கறுப்பாக ஒட்டியது. கையைப் பார்த்தார். அதன் பிறகுதான் தெருப்பக்க ஜன்னலின் நுரைப் பட்டையைக் கத்தியால் கிழித்து, ஜன்னலை ஒரு முழம் திறந்தார்.

காற்று வந்தது. மீட்டர் மஞ்சளாகி, பச்சையானது. கூடவே குளிரும் வந்தது. ஹீட்டரைக் கூட்டினார். போதவில்லை. இன்னும் கூட்டினார். கடைசிவரை திருகிய பிறகு கூடம் ஒரு மாதிரி உட்காரும்படி ஆனது.

அந்த ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். நிழற்குடைக்கடியில் நிற்கிற கூட்டம் மெல்ல நகர்ந்து நகர்ந்து ஜன்னலடிக்கு வந்துவிட்டதை அவர் மறுநாள்தான் கவனித்தார். ஒரு தடித்த அம்மாள் கைகளைப் பின்னால் நீட்டி ஜன்னலுக்குக் காட்டியபடி நின்றிருந்தார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மாற்றி மாற்றிச் சுவரில் ஊன்றிக்கொண்டிருந்தார். சின்னவரின் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்களும் பாட வண்டிக்காக அங்கேதான் நின்றார்கள்.

“இந்த எடம் நல்லா இருக்குல்ல” என்றது ஒரு குரல்.

“இப்பதான் ரெண்டு நாளா. யாரோ புண்ணியவான்.”

பஸ் வந்தது. பாதிப் பேர் ஏறவில்லை. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்றிருந்தார்கள்.

பெரியவர் ஜன்னலை மூடினார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் மஞ்சளானது, தலை கனத்தது. திறந்தார். திறந்ததும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு முகம் தெரிந்தது. மரியாதையான முகம்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இன்னும் கொஞ்சம் தொறந்து வெக்க முடியுமா? அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு வரல.”

உடன்பிறந்தவனுக்குப் போகக்கூடாது என்று அடைத்த சூட்டை, ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்குப் பந்தி வைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறோம் என்பது பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. இதில் பாதி கேட்டு யார் வீட்டுப் படி ஏறுவது?

அன்று மாலை மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வெறுங்கையோடு போவது கௌரவக் குறைவு. ஆய்வுக்குப் போவதில் ஒன்றுமில்லை.

சின்னவர்தான் கதவைத் திறந்தார்.

“இங்க காத்து எப்படி இருக்குன்னு பாக்கணும்” என்றார் பெரியவர்.

“பாருங்க.”

பெரியவர் மீட்டரை நீட்டிப் பிடித்துக்கொண்டு கூடம், சமையலறை, நடை என்று நடந்தார். டியூஷன் பிள்ளைகள் நிறைந்த கூடத்தில்கூட அது பச்சையாகவே இருந்தது. அறையில் அவர் மனைவி இரண்டு பெண்களுக்கும் நடுவே சாய்ந்து உட்கார்ந்து, ஒருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்காமல் அவரைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. கணவரைப் பார்த்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார்.

பெரியவர் திரும்பிக் கூடத்துக்கு வந்தார். சுவரில் மேலே வெள்ளையாக ஒரு பெட்டி, சத்தம் வராமல் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுதான் அந்தக் காத்து மெஷினா?”

“ஆமாண்ணே.”

“ஒரு வீட்டுக்கு இவ்வளவு பெருசு எதுக்குடா?”

“ஒரு வீட்டுக்கு இல்ல. ரெண்டு வீட்டுக்கு.”

பெரியவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். “எனக்கும் சேத்தா வாங்கினே?”

சின்னவர் யோசித்தார். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

“பெருசுக்குத்தாண்ணே தள்ளுபடி இருந்துச்சு.”

பெரியவருக்கு அது நிம்மதியாக இருந்தது. பாசத்துக்காக வாங்கியிருந்தால் அதை எதைக்கொண்டு அளப்பது? தள்ளுபடி அவருக்குப் புரிகிற விஷயம்.

“அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னேன்” என்றார்.

“சொன்னீங்க.”

“அது அளவுக்கு மேல போயிடுச்சு.”

“எவ்வளவு மேலண்ணே?”

“நெறைய.”

சின்னவர் தலையசைத்தார். உள்ளறையில் பின்னல் போட்டுக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. காற்றுக்கு மாதாமாதம் என்ன தர வேண்டும் என்று பெரியவர் கேட்டார். காற்றுக்குக் காசு வாங்கினால் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றார் சின்னவர். இலவசம் என்ற சொல் பெரியவரை உறுத்தியது. அதனால் மாடிப்படியை இனிமேல் எப்போதும் தானே பெருக்குவதாக ஏற்றுக்கொண்டார். பத்திரத்தை மீறி அந்தக் குடும்பத்தில் நடந்த முதல் காரியம் அதுதான்.

பலகைக்காரர் திரும்ப வந்தார். தான் ஒட்டிய சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். மெஷினிலிருந்து குழாய் இறங்க வேண்டிய இடத்தில் கம்பெனிப் பெண் சாக்கட்டியால் வட்டம் போட்டாள். “நல்லா இருக்கற பலகையை வெட்டச் சொல்றீங்களே” என்று பலகைக்காரர் முணுமுணுத்தார். ரம்பச் சத்தம் கேட்கப் பொறுக்காமல் பெரியவர் வெளியே போய் பஸ் நிறுத்தத்தில் நின்றார். அங்கே ஜனங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜன்னலை மூடிட்டான் பாருங்க” என்றார் அந்தத் தடித்த அம்மாள் அவரிடமே. “ரெண்டு நாள் நல்லவனா இருந்தான். எத்தனை நாளைக்குத்தான் மனசு வரும்?”

“ஆமாம்மா” என்றார் பெரியவர்.

மேலிருந்து ஒரு தடித்த குழாய் சீலிங்கைத் துளைத்து இறங்கி, ஒரு வலைத் தட்டியில் முடிந்தது. அதன் வழியாகக் கதகதப்பான புதுக் காற்று வந்தது. இன்னொரு குழாய் பழைய காற்றை இழுத்துக்கொண்டு போனது. எக்ஸாஸ்ட் ஃபேன் தன் இடத்துக்குத் திரும்பியது. சுவரில் கறுப்பைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஷூவைத் தூக்கிப் போட்டார்கள். மீட்டரை மனைவி வேலை செய்யும் இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையணையோடு கீழே இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்த அன்று பெரியவர் கட்டிலில் அவர் பக்கத்து விரிப்பை உதறிப் போட்டிருந்தார்.

குழாயில் ஒரு விசேஷம் உண்டு என்பதைக் கம்பெனிப் பெண் சொல்ல மறந்திருந்தாள். ஒரு சாயங்காலம் மனைவி மாடிக்குப் போயிருந்தார். பெரியவர் ஸ்டூல் போட்டு ஏறி, காற்று குறையாமல் வருகிறதா என்று வலைத் தட்டியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றோடு ஓரகத்திகள் இருவரின் பேச்சும் தெளிவாக இறங்கி வந்தது.

“மாமா கொஞ்சம் மாறிட்டாருல்லக்கா?”

“எங்க மாறினாரு? தெனம் ஸ்டூல் போட்டு ஏறிக் கையை வெச்சுப் பாக்கறாரு. உங்க வீட்டுக்காரர் அரை மூச்சு குறைச்சு அனுப்பிட்டா?”

பெரியவர் கையை எடுத்தார். சத்தம் வராமல் இறங்கலாமா, இறங்காமலே இருக்கலாமா என்று யோசித்தார். பிறகு வலைத் தட்டிக்கு வாயைக் கொண்டுபோய்ச் சொன்னார்.

“கேக்குது.”

மேலே பேச்சு நின்றது. ஏதோ பாத்திரம் உருண்டது. சற்றுப் பொறுத்துச் சின்னவரின் இளைய மகள் குரல் வந்தது.

“பெரியப்பா, நல்லா கேக்குதா?”

“நல்லாவே கேக்குது.”

அன்று முதல் மேல் வீட்டில் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் வந்து, சற்று நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள். படியிறங்கி வந்து முகத்துக்கு நேரே சொல்வதைவிட அது அவர்களுக்கும் வசதியாக இருக்கிறது. பெரியவர் ஸ்டூலை அங்கேயே நிரந்தரமாகப் போட்டு, அதன் மேல் ஒரு மெத்தையும் வைத்துக்கொண்டார்.